மெத்தைக்குக் கீழே

ஜெயச்சாமராஜேந்திர சாலை என்று முழுப் பெயரையும் சொன்னால் பெங்களூர் ஆட்டோக்காரர் ஒரு கணம் யோசிப்பார். மைசூரின் கடைசி மகாராஜாவின் பெயரைத் தாங்கிய சாலை அது. ஜே.சி. ரோடு என்றால் யோசனையே கிடையாது. நேரே கட்டணப் பேச்சுக்கு வந்துவிடுவார். டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சர்க்கிள் வரை போகும் அந்தச் சாலையில் ரவீந்திர கலாக்ஷேத்திரம் இருக்கிறது. நாடகம் பார்க்க வருபவர்கள் அதற்காக வருகிறார்கள். மற்ற எல்லோரும் வருவது வண்டிச் சாமான்களுக்காக. ஹாரன், கண்ணாடி, மிதியடி, ஸ்டியரிங் உறை, எல்லாவற்றுக்கும் மேலாக சீட் கவர். வாசலில் காரை நிறுத்தி, கதவுகளைத் திறந்து போட்டு, உள்ளே தலையை நுழைத்தபடி பையன்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். வெளியே கால்கள் மட்டும் தெரியும்.

அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. அல்சூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேரவன் வாங்கினார். அவருக்குத் துணையாகப் போனேன்.

கேரவன் என்ற சொல்லுக்கு நம்மவர்களிடம் ஒரே அர்த்தம்தான். படப்பிடிப்புக்கு இடையே நட்சத்திரங்கள் போய் உட்காரும் குளுகுளு வண்டி. மும்பையில் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று நடிகை பூனம் தில்லனைச் சொல்வார்கள். இப்போது சாதாரண ஜனங்களுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 2016-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. கேரளம் 2021-ல் தனியாக ஒன்றை அறிவித்தது. வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல பஸ் நீளத்துக்கு வீடு கட்டி ஓட்ட நம் சாலைகளில் இடமில்லை. அதனால் இங்கே கேரவன் என்பது பெரும்பாலும் ஒரு வேனுக்குள் குடித்தனம். நண்பர் வாங்கியது டெம்போ டிராவலர். 1987-லிருந்து கல்யாண கோஷ்டிகளையும் சபரிமலை சாமிகளையும் சுமந்து வரும் அதே வண்டிதான். யாரோ ஒருவர் அதன் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே பலகை அடித்து, கட்டில், சோபா, மேஜை, அலமாரி, சின்ன அடுப்பு எல்லாம் பொருத்தியிருந்தார். நண்பர் மூன்றாவது சொந்தக்காரர்.

பகலில் எதிரெதிராக இரண்டு சோபா. நடுவே உள்ள மேஜையை இறக்கி வைத்தால் இரவில் அதுவே படுக்கை. படத்தில் பார்க்க அழகாக இருந்தது. நேரில் ரெக்சின் உரிந்து பாம்புச் சட்டை மாதிரி தொங்கியது. உட்கார்ந்தால் இடுப்பில் பலகை இடித்தது. இது போதாதென்று ஒரு நாற்றம். நண்பரின் மனைவி அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நண்பருக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கடைக்குள் நுழைந்ததும் துணி மாதிரிகளைத் தோரணமாக எடுத்துக் காட்டினார்கள். நண்பர் காபி நிறமா, பாட்டில் பச்சையா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, கடையில் வேலைகளைக் கவனிக்கும் பாய் வண்டிக்குள் ஏறினார். அறுபது வயதிருக்கும். தமிழ், உருது, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசக்கூடியவர். மெத்தையைத் தூக்கினார். கீழே இருந்த பலகையைக் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

இறங்கி வந்து சொன்னார்: "சார், மேலே மட்டும் தைச்சுக் குடுக்கணும்னா சாயங்காலம் எடுத்துக்கலாம். கீழே பார்த்துக் குடுக்கணும்னா அஞ்சு நாள் ஆகும். எது வேணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் தொழிலாளியிடம் வண்டியை நம்பி விடலாம். பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் சாயங்காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது துணி. பேரம் பேசுவதும் துணிக்குத்தான். வீட்டு சோபாவில் அப்படிச் செய்தால் பணம் மட்டும்தான் நஷ்டம். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் ஓடும், உள்ளே அடுப்பெரியும், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு பேர் படுக்கும் ஒரு தகரப் பெட்டியில் நஷ்டம் பணத்தோடு நிற்காது.

முதலில் அந்த அழுகல் எப்படி வந்தது என்று பார்க்கலாம். கூரையில் ஒழுகியிருக்கும் என்றுதான் நண்பர் நினைத்தார். கூரையில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை. தண்ணீர் உள்ளேயிருந்துதான் வந்திருக்கிறது. இரண்டு பேர் ஒரு இரவு முழுவதும் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாகச் சுமார் அரை லிட்டர் நீர் வெளியாகிறது. வீட்டில் அது ஜன்னல் வழியே போய்விடும். டிசம்பர் மாதத்துப் பெங்களூர் இரவில் சாத்திய வேனுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. குளிர்ந்த இரும்புச் சுவரில் படிந்து வழிகிறது. மெத்தை வழியே கீழிறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் அங்கேயே நீராகித் தங்கிவிடுகிறது. பலகைக்கு மேலே காற்றுப் புகாத ஃபோம், கீழே பெட்டி பெட்டியாக அடைத்த சாமான்கள். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. நண்பரின் மனைவி மோப்பம் பிடித்தது அதைத்தான்.

பலகையும் தரமானதல்ல. ப்ளைவுட்டில் சாதாரண ரகம் ஐ.எஸ். 303 என்ற தரக்குறியின் கீழ் வருகிறது. காற்றிலுள்ள ஈரத்தை ஓரளவு தாங்கும்; நின்ற தண்ணீரைத் தாங்காது. மரைன் ப்ளை என்று கடைக்காரர்கள் சொல்வதற்கு ஐ.எஸ். 710. அதன் ஒட்டுப்பசைக்கு வைக்கும் சோதனை கடுமையானது. 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துப் பிரிகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முத்திரையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அறுத்த பிறகு முத்திரை எந்தத் துண்டில் போயிற்று என்று யாருக்கும் தெரியாது என்பதால், முழுப் பலகையாக இருக்கும்போதே பார்த்துவிடுவது உத்தமம்.

நண்பர் உடனே, "எல்லாவற்றையும் முக்கால் அங்குல மரைன் ப்ளையில் போட்டுவிடுங்கள்" என்றார். பாய் சம்மதிக்கவில்லை. எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அப்படி நாலைந்தை ஏற்றினால் நிரந்தரமாக இரண்டு ஆட்களைக் கூட ஏற்றிக்கொண்டு ஓட்டுவது போல. கீழே அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் கட்டி, மேலே 12 மில்லிமீட்டர் போதும் என்றார். அதிலும் முழுப் பலகையாகப் போடாமல் கைப்பிடி அகலத்துக்குப் பட்டைகளாக அறுத்து, இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு அடித்தார். பழைய கயிற்றுக் கட்டிலின் தத்துவம்தான். காற்று போக வேண்டும். ஓரங்களுக்கெல்லாம் வார்னிஷ் அடிக்கச் சொன்னார். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, விளிம்பால்.

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோபாப் பெட்டியை வண்டியின் தரையோடு பிணைத்திருந்தவை நான்கே நான்கு மர ஸ்குரூக்கள். அவையும் தரைக்கு மேலே விரித்திருந்த பலகையில்தான் இறங்கியிருந்தன. அடியிலிருந்த இரும்பைத் தொடவே இல்லை. ஓட்டுநர் அவசரமாக பிரேக் போட்டால் சோபா, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மாமியார், பெட்டிக்குள் இருக்கும் அரிசி மூட்டை எல்லாம் ஒன்றாக முன்னே புறப்படும். வண்டிக் கம்பெனி பொருத்தும் இருக்கை அதன் சட்டத்தோடும் பெல்ட்டோடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. பலகை சோபாவுக்கு அந்தச் சோதனை இல்லை. அதில் ஒரு பெல்ட்டைத் திருகி வைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைப்பது மனச்சாந்திக்கு மட்டும் உதவும். போல்ட் தரையைத் துளைத்துக் கீழே இறங்கி, அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். டீசல் டாங்கும் பிரேக் குழாயும் எங்கே போகின்றன என்று படுத்துப் பார்க்காமல் துளை போடக் கூடாது. இவ்வளவு செய்த பிறகும், வண்டி ஓடும்போது அந்தப் பக்கவாட்டு சோபாவில் யாரும் உட்காராமல் இருப்பதே மேல் என்றார் பாய். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. சோபாவில் சாய்ந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பதற்காகத்தானே வாங்கினார்.

ஃபோமுக்கு வருவோம். பாலியூரித்தேன் என்ற பொருளை 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயனவாதி உண்டாக்கினார். அதற்கு முன்பு உலகம் முழுக்க இருக்கைகளுக்குள் இருந்தவை குதிரை மயிர், பஞ்சு, தேங்காய் நார், ஸ்பிரிங். நம் ஊரில் இலவம்பஞ்சு. தென்னிந்தியாவில் நாரையும் ரப்பர் பாலையும் சேர்த்து மெத்தை செய்யும் தொழில் பெரிதாக வளர்ந்தது. அதில் பேர் பெற்ற குர்லான் 1962-ல் தொடங்கிய கர்நாடக நிறுவனம். 2023-ல் அதை வாங்கியது ஸ்லீப்வெல் மெத்தை தயாரிக்கும் ஷீலா ஃபோம். நாரை ஃபோம் விழுங்கிய கதை என்று இதைச் சொல்லலாம்.

ஃபோம் வாங்குகிறவர்கள் எல்லோரும் உச்சரிக்கும் மந்திரச் சொல் டென்சிட்டி. "நாற்பது டென்சிட்டி போடுங்க" என்று சொல்லிவிட்டால் விஷயம் தெரிந்தவர் என்று மரியாதை கிடைக்கும். ஆனால் டென்சிட்டி என்பது கெட்டித்தனம் அல்ல. ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பது மட்டுமே. எடை கூடிய ஃபோமை மெதுவாகவும் செய்யலாம், எடை குறைந்ததைக் கல் மாதிரியும் செய்யலாம். முதல் நாள் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எடை குறைந்தது சீக்கிரம் அமுங்கிப் போகும், அவ்வளவுதான். நண்பரின் பழைய மெத்தை அப்படிப் போனதுதான்.

கடைக்காரர் சொல்லும் எண்ணைச் சரிபார்ப்பது சுலபம். இரண்டு அடிக்கு இரண்டு அடி, நாலு அங்குலக் கனம் உள்ள துண்டை, அதாவது 60க்கு 60க்கு 10 சென்டிமீட்டர், தராசில் வையுங்கள். 40 டென்சிட்டி என்றால் ஏறத்தாழ 1.44 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.15 கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே நின்றால் உங்களுக்குக் கதை சொல்லப்படுகிறது. சுண்ணாம்புத் தூள் கலந்து எடையைக் கூட்டும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். கையில் தேய்த்தால் வெள்ளையாக மாவு உதிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் எதிரே இருந்த கடையில் தராசை இரவல் வாங்கி நிறுத்தோம். 1.4 காட்டியது. பாய் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கோபப்படவில்லை.

உட்காரவும் படுக்கவும் ஒரே மெத்தை என்பது ஒரு சிக்கல். உட்காருவதற்குக் கெட்டியாக இருக்க வேண்டும். படுப்பதற்கு மெதுவாக இருக்க வேண்டும். பாய் அடியில் ஒரு அங்குலத்துக்கு ரப்பர் நார்ப் பலகை வைத்தார். அது காற்றும் விடும். அதன் மேல் மூன்று அங்குலம் கெட்டி ஃபோம். அதற்கு மேல் அரை அங்குலம் மென்மையான ஃபோம். எல்லாவற்றையும் சுற்றிப் பஞ்சு விரிப்பு. அடுக்குகளை ஒட்டும் ரப்பர் பசையில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் இருக்கிறது. ஒட்டிய மெத்தையை இரண்டு நாள் வெளியே காயவைத்த பிறகுதான் வண்டிக்குள் கொண்டுபோக வேண்டும். ஐந்து நாள் கணக்கில் இரண்டு நாள் இதற்கே போயிற்று.

வெட்டும் முறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வேனின் சுவர் மேலே போகப் போக உள்ளே சாய்கிறது. சக்கரத்துக்கு மேலே மேடு இருக்கிறது. அளவு நாடாவால் நீளம், அகலம் எடுத்துத் தைத்தால் மெத்தை எங்காவது ஒரு மூலையில் பிதுங்கும். பாய் பழைய தினத்தந்தித் தாள்களை ஒட்டி, சோபாவின் மேல் விரித்து, விளிம்போடு விளிம்பாக மடித்துக் கத்தரித்தார். அந்தத் தாள்தான் அளவு. ஃபோமை உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினார். கொஞ்சம் அமுக்கித் திணித்தால்தான் உறை சுருக்கம் விழாமல் நிற்குமாம். தையல்காரர் பையன் உறையின் பின்பக்கம் முழு நீளத்துக்கு ஜிப் வைத்தான். கழற்றித் துவைக்கலாம், மெத்தையை வெயிலில் போடலாம். பழைய மெத்தையில் ஜிப் இல்லை. பலகையோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. அந்தப் பின்கள் துருப்பிடித்துத் துணியை அரித்திருந்தன.

மேலே உரிந்து தொங்கியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெக்சின் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் அது இருந்தது. துணி மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிப் போலித் தோல் தயாரித்தார்கள். துப்பாக்கி மருந்தாகப் பயன்பட்ட அதே குடும்பத்துப் பொருள். அதன் மேல்தான் அந்தக் காலத்து ஜனங்கள் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தார்கள். இப்போது ரெக்சின் என்ற பெயரில் விற்பது பி.வி.சி. பூசிய துணி. சில வருடங்களாக பி.யு. லெதர் என்று வேறொன்றும் வருகிறது. தொட்டால் நிஜத் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். மலிவு ரகமாக இருந்தால் காற்றின் ஈரமே அதன் பூச்சைச் சிதைத்துவிடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் செதில் செதிலாக உதிரும். நண்பரின் வண்டியில் இருந்தது அதுதான். படுக்கும் பக்கத்துக்கு நெய்த துணியும், கால் படுகிற, சாப்பாடு சிந்துகிற முன்பக்கத்துக்கு நல்ல பி.வி.சி.யும் என்று முடிவாயிற்று. பருத்தி நூல் வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும். நைலான் நூலில் தைக்கச் சொல்லுங்கள் என்று நண்பரிடம் நான் கிசுகிசுத்தேன். பாய் காதில் விழுந்துவிட்டது. அவர் கடையில் பருத்தி நூலே இல்லை.

நிறம்? அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் நண்பரின் மனைவி போனிலேயே தீர்த்துவைத்தார்.

நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. இந்தத் துணியும் ஃபோமும் தீப்பிடித்தால் எப்படி எரியும்?

பெங்களூர்க்காரர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2013 அக்டோபர் 30 அதிகாலை, பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன சொகுசு பஸ் தெலங்கானாவில் பாலெம் அருகே ஒரு மதகில் மோதி எரிந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 28 அதிகாலை பெங்களூர்-நாந்தேட் எக்ஸ்பிரஸின் ஏ.சி. பெட்டி புட்டபர்த்திக்கு அருகே எரிந்தது. 26 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24-ல் ஹைதராபாத்திலிருந்து பெங்களூர் வந்துகொண்டிருந்த படுக்கை வசதி பஸ் கர்நூல் அருகே சாலையில் கிடந்த மோட்டார் சைக்கிளை இழுத்துக்கொண்டு போய்த் தீப்பிடித்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் 19 பேர் வெளியே வரவில்லை. மூன்றிலும் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம். தீ தொடங்கியதற்கான காரணங்கள் வேறு வேறு. ஆனால் தொடங்கிய தீ எவ்வளவு வேகமாக வளரும் என்பதை மெத்தையும் திரையும் பலகையும் தீர்மானிக்கின்றன. ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். பி.வி.சி. எரிந்தால் தொண்டையை அறுக்கும் அமிலப் புகை. சுடர் வந்து சேருவதற்கு முன்பே இவை வேலையை முடித்துவிடக்கூடும்.

பிரிட்டனில் இந்தப் பாடத்தை ஒரு கடை கற்றுக்கொடுத்தது. 1979-ல் மான்செஸ்டர் வுல்வொர்த் கடையில் விற்பனைக்கு அடுக்கி வைத்திருந்த ஃபோம் சோபாக்கள் பற்றிக்கொண்டு 10 பேர் இறந்தார்கள். அதன்பின் நடந்த பிரச்சாரத்தின் முடிவாக 1988-ல் சோபாவுக்குள் என்ன வைக்கலாம், மேலே என்ன போர்த்தலாம் என்பதற்குச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வண்டியின் உட்புறத் துணிக்குத் தனி விதி உண்டு. படுக்கை வாட்டில் வைத்துக் கொளுத்தினால் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக் கூடாது. நாலு அங்குலம். ஆறடி மெத்தை எரிந்து தீர 18 நிமிடம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுத் திருப்திப்படலாம். நிஜத் தீ படுக்கை வாட்டில் மட்டும் போவதில்லை, சுவரில் ஏறும். ஏறும்போது பல மடங்கு வேகம். நம் நாட்டிலும் வண்டி உட்புறப் பொருட்களின் தீப்பிடிக்கும் தன்மைக்கு ஐ.எஸ். 15061 என்ற தரவிதியும், கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற விதித்தொகுப்பும் இருக்கின்றன. கேரவனைப் புதிதாகக் கட்டி அனுமதி வாங்கும்போது இவை பேசப்படும். ஏழு வருடம் கழித்து மெத்தையை மாற்றும்போது யார் பேசுவார்கள்? நான் அன்று புரட்டிய துணி மாதிரிகளில் ஒன்றிலாவது அந்த எண் இருக்கிறதா என்று தேடினேன். விலை இருந்தது, தேய்மானத்துக்கு உத்தரவாதம் இருந்தது, கறை படியாது என்று இருந்தது.

பாயிடம் கேட்டேன். "கேட்டா வரவழைச்சுத் தருவோம் சார். தீ பிடிக்காத ஃபோம் இருக்கு, துணியும் இருக்கு. வெலை கூட. இந்த வருஷம் கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றார். தீயே பிடிக்காத ஃபோம் என்று ஒன்று கிடையாது. பிடிக்கத் தாமதமாகும், நெருப்பை எடுத்துவிட்டால் அணைந்துவிடும்; அந்தத் தாமதம்தான் கதவைத் திறக்கக் கிடைக்கும் நேரம்.

கடையின் பின்பக்கம் திறந்த வெளியில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து காட்டினார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். உள்ளங்கை அளவு பழைய ஃபோம் துண்டைக் குறடால் பிடித்து, காற்று வீசும் திசைக்குப் பின்னே நின்றுகொண்டு, தீக்குச்சியைக் காட்டினார். குச்சியை எடுத்த பிறகும் அது எரிந்தது. எரிந்துகொண்டே சொட்டியது, சொட்டுக்களும் எரிந்தன. முழுத் துண்டும் போக நான் எண்ணியது பதினெட்டு. அடுத்து வரவழைத்த ரகத்தின் ஒரு துண்டு. கருகியது, குச்சியை எடுத்ததும் நின்றது. ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது என்பது உண்மைதான். ஆனால் நண்பர் அதற்குப் பிறகு விலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ரயில்வே இந்த விஷயத்தில் நம்மைவிட ஒழுங்கு. கர்நாடக அரசின் சொகுசு ரயிலான கோல்டன் சாரியட் 2008-லிருந்து ஓடுகிறது. அதன் அறைகளிலும் எல்லாமே சுவரோடு கட்டிய கட்டில், அலமாரி, சோபா. நஷ்டத்தில் சில காலம் நின்றுபோய், ஐ.ஆர்.சி.டி.சி. கைக்கு மாறி, 2021-ல் மீண்டும் கிளம்பியபோது அறைகளின் மெத்தை உறைகளும் மரச்சாமான்களும் குளியலறைகளும் புதுப்பிக்கப்பட்டிருந்தன. ரயில் பெட்டிக்குள் போகிற மெத்தைக்கும் துணிக்கும் திரைக்கும் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்ற அமைப்பு எழுதி வைத்த தர நிர்ணயம் இருக்கிறது. ஜே.சி. ரோட்டுக்கு அப்படி எழுதித் தருவார் யாருமில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழிந்த உறையை மாற்றுவதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. ஆனால் எத்தனை பேர் உட்காரலாம் என்பது பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரம். அதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. "சோபாவைக் கொஞ்சம் நீட்டி இன்னும் ரெண்டு பேருக்கு இடம் பண்ணிடலாம்" என்று யாராவது தாராளம் காட்டினால் மறுத்துவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் எண்ணுவது அதைத்தான். சொந்தக் காருக்கு இதே கடைகளில் உறை போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். பல கார்களில் இப்போது பக்கவாட்டுக் காற்றுப்பை சீட்டின் தோள்பட்டையிலேயே இருக்கிறது. அந்தத் தையலின் மேல் இறுக்கமாக ஒரு உறையைப் போர்த்திவிட்டால் பை விரிய வேண்டிய நேரத்தில் தடுமாறும்.

ஆறாம் நாள் வண்டியை எடுக்கப் போனோம். பழைய சோபாவின் அடியிலிருந்து கிடைத்ததையெல்லாம் பையன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தான். ஒரு குழந்தையின் காலுறை, தர்மஸ்தலா கோயில் குங்குமப் பொட்டலம், ஒரு கரண்டி, சில நாணயங்கள். முந்தைய சொந்தக்காரர்களின் சுற்றுலா. பில்லில் கூலி மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் பொருள் விலை. ஐந்து நாள் மூன்று பேர் குனிந்து வேலை செய்ததற்கு அது குறைவு என்று எனக்குப் பட்டது. அதையும் குறைத்துப் பேச நண்பர் வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

மெத்தை நன்றாக இருந்தது. நாற்றம் போய்விட்டது. கிளம்பும்போது பாய் பின்பக்கத்தைக் காட்டினார். டெம்போ டிராவலரில் அவசரத்துக்கு வெளியேற இருந்த வழியை மறைத்து, வண்டியைக் கட்டியவர் ஒரு துணி அலமாரி வைத்திருந்தார். அழகான அலமாரி, ஆளுயரக் கண்ணாடியோடு. "இதைக் கழட்டிடலாம் சார், அரை நாள் வேலை" என்றார் பாய். பட்டுப்புடவைகளை எங்கே மாட்டுவது என்று நண்பர் யோசித்தார். திருவண்ணாமலைக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அலமாரி இன்னும் அங்கேயே இருக்கிறது. நானும் வாரம் ஒரு முறை போன் செய்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.